மூளையின் ஊறும் மனத்தின் அளவும்

என் உறவினர் ஒருவர் பக்கவாதத்தினின்று தேறி எழுந்தபோது அவர் பேச்சிலே குறையொன்றும் தோன்றவில்லை. ஒரு தாளை வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்ட ஒருவர், "அறிவு தெளிவாயிருக்கிறது, வேலைக்குப் போகலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்கெழுதுவது உறவினரின் தொழில். இரண்டு மாதத்திற்குள், பேரேட்டின் இடப்பக்கத்து எண்களை அவர் காணாமலே விட்டுவந்தது வெளிப்பட்டது. கண்ணில் பழுதில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தை மறந்துவிட்டிருந்தது.

மூளைக்கு ஊறு நேர்ந்தவரின் மனத்தை அளந்து சொல்பவர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றிருக்க வேண்டும்? மாணவர்களே, இக்கேள்விக்கு நாடுகள் தந்த விடை ஒன்றாக இல்லை. அதன் காரணத்தைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும்.

சோவியத் ருஷ்யாவில் அலெக்ஸாந்தர் லூரியா மனோதத்துவத்தில் பெயர் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரி மாணவரானார். 1937-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் யூரல் மலைப்புறத்து மருத்துவமனையொன்றில், தலையில் குண்டு பாய்ந்த போர்வீரர்களைப் பார்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. 1943-இல் காயமுற்ற ஸாஸெட்ஸ்கி என்ற இளம் அதிகாரியைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். பேனாவை எடுக்காமல் தொடர்ந்து ஓட்டினால் அவ்வீரரால் எழுத முடிந்தது. எழுதியதைப் படிக்கத்தான் அரும்பாடு பட வேண்டியிருந்தது! அப்படியே ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளில் மூவாயிரம் பக்கம் எழுதினார். இத்தகையவரிடம் அச்சடித்த வினாத்தாள் என்ன செய்யும்? நோயாளியின் விடைக்கேற்ப அடுத்த கேள்வியை மாற்றிக்கொண்டே போவது லூரியாவின் முறை. அதைக் கட்டிலருகே ஆசானுடன் நின்றுதான் கற்க இயலும்.

அமெரிக்காவில் வழி வேறு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் வார்டு ஹால்ஸ்டெட் 1935-இல் ஆய்வுக்கூடம் அமைத்துச் சோதனைகளை வகுத்தார். அவர் மாணவர் ரால்ப் ரைட்டன் அவற்றை விரித்து, நோயாளியைக் காணாமலே மதிப்பெண்களைக் கொண்டு மூளையின் ஊற்றை உய்த்துணர்ந்து காட்டினார். வியக்கத்தக்க ஆற்றல்தான். ஆயினும், எண்களைப் படிக்கக் கற்றால் போதும் என்ற எண்ணத்திற்கு அது இடங்கொடுத்தது என்பது என் கருத்து.

1997 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் கூடிய மாநாடு இதற்கு ஒரு வரம்பு கட்டியது. மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம், மருத்துவமனைப் பயிற்சி, அதன்மேல் இரண்டாண்டு தனிப்பயிற்சி! பிற்காலத்துக் குறுகிய வகுப்புகளைக் கொண்டு அடிப்படை அறிவைத் தேடிக்கொள்வதை மாநாடு ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் முதலில் மூன்றாண்டுப் பொது மருத்துவ மனோதத்துவப் பயிற்சி, பின்னரே இச்சிறப்புக் கல்வி என்ற வழக்கம் ஏற்பட்டது. ஜெர்மனியில் 1986-இல் தோன்றிய சங்கம் பட்டதாரிகளுக்கு வேலையோடு கூடிய பயிற்சியை வகுத்தது. ஆனால் 2012-இல் காப்பீட்டு நிதி, வீடு திரும்பிய நோயாளிகளின் இச்சிகிச்சைக்கும் பணம் தர முன்வந்தபோது, சிகிச்சையாளர் வைத்தியராகவோ உளச்சிகிச்சை உரிமம் பெற்றவராகவோ இருந்து, இச்சிறப்புக் கல்வியும் உடையவராக இருக்க வேண்டும் என்று விதித்தது. பாடத்திட்டத்தைப் பேராசிரியர் மட்டுமா வகுக்கிறார்? பணம் தருபவரும் வகுக்கிறார்.

நம் நாட்டில் 1954-இல் பெங்களூரில் தோன்றிய அகில இந்திய மனநல நிலையம் மருத்துவ மனோதத்துவ நிபுணர்களைப் பயிற்றத் தொடங்கியது. அதன் வழிவந்த நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட சோதனைத் தொகுதியில், வயதோடு கல்வியும் கணக்கில் கொள்ளப்பட்டது. எழுத்தறியாதவருக்கும் தனி அளவுகள் தரப்பட்டன. பள்ளி வாசலை மிதியாத உழவர் ஒருவர் அங்கே வந்து உட்கார்ந்தால், அவரைக் கல்லூரிப் பட்டதாரியோடு ஒப்பிட வேண்டியதில்லை. அவரைப் போன்றாரோடே ஒப்பிடலாம்.