பேரளவு ஸ்க்ரம் (லெஸ்)

பல குழுக்கள் சேர்ந்து ஒரே மென்பொருளை உருவாக்கும்போது ஸ்க்ரம் முறையைப் பின்பற்றுவதற்கான சட்டகம். கிரெய்க் லார்மன், பாஸ் வோடே இருவரும் 2005 முதல் பெரிய நிறுவனங்களில் பணியாற்றிப் பெற்ற அனுபவத்திலிருந்து இதை வகுத்தனர். 2008, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இதுபற்றிய அவர்களின் நூல்கள் வெளிவந்தன.

இரு வகைகள் உண்டு: 2 முதல் 8 குழுக்கள் வரை அடிப்படை லெஸ், அதற்கு மேல் லெஸ் ஹியூஜ். பின்னதில் வாடிக்கையாளர் தேவைகள் பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பகுதி உரிமையாளர் அமர்த்தப்படுகிறார்.

எத்தனை குழுக்கள் இருந்தாலும் பணிப்பட்டியல் ஒன்றே. பகுதி உரிமையாளர்கள் இருந்தாலும், முழுத் தயாரிப்புக்கும் தயாரிப்பு உரிமையாளர் ஒருவரே. ஸ்பிரிண்ட் எனும் குறுகிய வேலைச்சுற்று அனைவருக்கும் பொது. அதன் முடிவில் எல்லோருடைய நிரலும் ஒருங்கிணைந்து, வெளியிடத்தக்க ஒரே தயாரிப்பாக நிற்க வேண்டும். தரவுத்தளம், முகப்பு எனக் கூறுவாரியாகப் பிரியாமல், ஒரு வசதியைத் தொடக்கம் முதல் இறுதிவரை தாமே முடிக்கும் குழுக்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என லெஸ் கோருகிறது. நிறுவனத்தின் துறை அமைப்பையே மாற்றச் சொல்வதால் நடைமுறையில் கடினமான விதி இது. குழுக்களிடையேயான ஒருங்கிணைப்புக்குத் தனி மேலாளர்கள் இல்லை; குழுக்களே நேரடியாகப் பேசிக்கொள்கின்றன.

பல குழுக்களுக்கான மற்றொரு சட்டகமான, 2011இல் டீன் லெஃபிங்வெல் அறிமுகப்படுத்திய சேஃப், 50 முதல் 125 பேர் கொண்ட தொகுதிகளையும் கூடுதல் பொறுப்புநிலைகளையும் வகுக்கிறது. லெஸ் அத்தகைய கூடுதல் பொறுப்புநிலைகளைக் குறைக்க முனைகிறது.