கேரம் போர்டு பவுடரும் இத்தாலிக் கொதிகுட்டையும்

கேரம் போர்டுல காய் வழுக்கிட்டுப் போகணும்னு போரிக் பவுடர் தூவியிருப்போம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அந்த வெள்ளைப் பொடி எங்கிருந்து போச்சு தெரியுமா?

இத்தாலியின் டஸ்கனி மலைப்பகுதியில், அழுகிய முட்டை வாடையோடு கொதித்துக் குமிழிடும் குட்டைகளிலிருந்து!

அங்கே ஆழத்துச் சூட்டில் எழும் நீராவி, பாறையிலுள்ள போரானை போரிக் அமிலமாகச் சுமந்து வந்து குட்டை நீரில் கரைக்கிறது. நீர் வற்றும் ஓரங்களில் அது வெள்ளைச் செதில்களாகப் படியும். அந்தக் கனிமத்தின் பெயர் சாஸோலைட். பக்கத்து ஊர் சாஸோ.

குட்டை நீரில் இருப்பது போரிக் அமிலம்தான் என்று 1777ல் கண்டுபிடித்தவர் ஹோஃபர் என்ற மருந்தாளர்.

1818ல் லார்டெரெல் என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொழிலாக்கினார். நீரைச் சுண்டக் காய்ச்ச விறகு எக்கச்சக்கமாகத் தேவைப்பட்டது. 1827 முதல் பூமியின் நீராவியையே அடுப்பாக்கினார். அந்த ஊருக்கே லார்டெரெல்லோ என்று பெயர் வந்தது. 1904ல் அதே நீராவியால் அங்கே 5 மின்விளக்குகள் எரிந்தன!

இனி மருத்துவத்துக்கு வருவோம்.

போரிக் அமிலம் கிருமியை அடக்கும், புண்ணில் எரியாது. அதனால் கண் கழுவ, கட்டுப்போட, குழந்தைக்குப் பூச என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினார்கள். எரியாதது ஆபத்தில்லாதது என்று நம்பினார்கள்.

அங்கேதான் தவறு நடந்தது.

நல்ல தோலில் இது அதிகம் உள்ளே போகாது. புண்ணான தோலில் எளிதாகப் போகும். பச்சிளங்குழந்தையின் சிறுநீரகம் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். வாந்தி, பேதி, தோல் சிவந்து உரிதல், வலிப்பு... பல குழந்தைகள் இறந்த பிறகே குழந்தை மருத்துவம் இதைக் கைவிட்டது.

இதை ஏன் இப்போ சொல்றேன்?

வாய்ப்புண்ணுக்கு வெண்காரத்தைத் தேனில் குழைத்துக் குழந்தை நாக்கில் தடவும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கு. வெண்காரம் வயிற்றுக்குள் போனால் போரிக் அமிலமாகத்தான் மாறும். 1980களில் பிரிட்டனில், தேனும் வெண்காரமும் தடவிய ரப்பர் காம்பைச் சப்பிய குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. நிறுத்தியதும் வலிப்பும் நின்றது. ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

பாட்டிமேல் கோபம் வேண்டாம். ஒரு காலத்தில் டாக்டர்களே கொடுத்ததுதான்.

கேரம் பவுடரைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாங்க.