மலேசியப் பல்கலைக்கழகங்களும் தமிழும்

மலேசியாவில் இன்று 20 பொதுப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுள் மூத்தது மலாயாப் பல்கலைக்கழகம். சிங்கப்பூரில் இயங்கிய ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராபிள்ஸ் கல்லூரியும் 1949இல் இணைந்து இஃது உருவாயிற்று. 1959இல் கோலாலம்பூரில் இதன் தனிப்பிரிவு அமைந்தது. 1962இல் அப்பிரிவே மலாயாப் பல்கலைக்கழகம் என்னும் பெயரைத் தாங்கித் தனித்தியங்கலாயிற்று.

இப்பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெற்றது எளிதில் நிகழ்ந்ததன்று. இந்திய இயல் துறையை நிறுவுவது குறித்து 1950களில் ஆராயப்பட்டபோது, அங்கு வடமொழிக்கே முதலிடம் அளிக்க வேண்டும் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. இந்நாட்டு இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழராக இருக்கத் தமிழைப் புறந்தள்ளுதல் முறையோ என மக்கள் வினவினர். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கினார். எளிய மக்கள் தம் வருவாயிலிருந்து ஈந்த சிறுதொகைகள் பல்கலைக்கழக நூலகத்திற்குத் தமிழ் நூல்களாயின. 1956இல் தோன்றிய அத்துறையில் தமிழ் இடம்பெற்றது. பின்னர் அத்துறைக்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகளாரின் முயற்சியால், முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது.

நாட்டின் தேவை பெருகப் பெருகப் பிற பல்கலைக்கழகங்களும் எழுந்தன. 1969இல் பினாங்கில் தோன்றிய பல்கலைக்கழகம் பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. பிரித்தானியப் படைமுகாமாக விளங்கிய மிண்டனே அதன் கல்விக்களமாயிற்று. 1970இல் மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு தேசியப் பல்கலைக்கழகமும், 1971இல் செர்டாங்கில் வேளாண்மைப் பல்கலைக்கழகமும், 1984இல் கெடாவில் வட மலேசியப் பல்கலைக்கழகமும் நிறுவப்பெற்றன. 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழாசிரியராக விழைவோர் இன்று அங்குப் பட்டப்படிப்பு மேற்கொள்ளுகின்றனர்.

2001இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலுக்கு வந்தது. ஆதலின் சிம்பாங் அம்பாட் வட்டார மாணவர்க்குப் பல்கலைக்கழகம் தொலைவிலுள்ள கனவன்று. தம் மாவட்டத்திலேயே உள்ள நிலையம்.

எனினும் இடத்தின் அண்மை ஒன்றே போதாது. எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழிலக்கியமும் விருப்பப் பாடங்களே. அவற்றை எடுப்போர் குறையின், பல்கலைக்கழகத் தமிழ்க்கல்விக்கு நீரூட்டும் ஊற்று வறண்டுவிடும். மாணவரை அப்பாடங்களின்பால் ஆற்றுப்படுத்துதல் தமிழாசிரியரின் தலையாய கடனாகும். நூல்கள் வாங்கப் பொருளீந்த மக்களின் பெயரர், அந்நூல்களை விரித்துப் படிக்கும் மாணவராதல் வேண்டும்.