சிறுநீர்நாளக் கல் அகற்றலில் உறைக்குழாயின் பயன்பாடு

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டு செல்லும் குழாயே சிறுநீர்நாளம். பெரியவர்களில் இதன் நீளம் ஏறத்தாழ 25 செ.மீ.; உள்விட்டம் 3 முதல் 4 மி.மீ. மட்டுமே. நாளம் தொடங்கும் இடம், இடுப்பிலுள்ள பெரிய இரத்தக்குழாய்களைக் கடக்கும் இடம், சிறுநீர்ப்பையினுள் நுழையும் இடம் ஆகிய மூன்றும் இயல்பாகவே குறுகலானவை. கற்கள் பெரும்பாலும் இவ்விடங்களில் சிக்கிக்கொள்கின்றன.

தானாக வெளியேறாத கல்லை, உடலைக் கீறாமல், சிறுநீர் வெளியேறும் வழியாகவே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி லேசர் கதிரால் உடைத்து அகற்றும் முறை யூரிட்டெரோஸ்கோபி எனப்படும். இச்சிகிச்சையில் தேவைக்கேற்பப் பயன்படுத்தப்படும் துணைக்கருவியே ‘ஆக்சஸ் ஷீத்’ என்னும் உறைக்குழாய்.

உறைக்குழாய் என்பது யாது?

இது வழவழப்பான மேற்பூச்சுடைய, உள்ளீடற்ற மெல்லிய குழாய். வழிகாட்டிக் கம்பியின் மீது, எக்ஸ்ரே திரையில் பார்த்தவாறு இது மெதுவாகச் செலுத்தப்படுகிறது. பின்னர் உள்நோக்கி இதனூடாகச் சென்று வருகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் தகயாசு, அசோ ஆகியோர் 1974ஆம் ஆண்டில் இம்முறையை விவரித்தனர்.

நன்மைகள்

• கல் துகள்களை எடுக்க உள்நோக்கியைப் பலமுறை செலுத்தும்போது, நாளச் சுவர் மீண்டும் மீண்டும் உரசப்படுவதில்லை.
• உள்ளே செலுத்தப்படும் நீர் எளிதில் வெளியேறுவதால் சிறுநீரகத்தினுள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்தால் சிறுநீரிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலக்கக்கூடும்.
• நீரோட்டம் சீராக இருப்பதால் கல் தெளிவாகத் தெரிகிறது.

அனைவருக்கும் இது தேவையா?

தேவையில்லை. சிறுநீரகக் கற்களுக்கும் நாளத்தின் மேற்பகுதிக் கற்களுக்கும், வளையும் உள்நோக்கி பயன்படுத்தப்படும்போது இது பெரிதும் உதவுகிறது. நாளத்தின் கீழ்ப்பகுதிக் கற்களுக்குப் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

இடர்கள் யாவை?

உறைக்குழாயின் அளவு ‘பிரெஞ்சு’ என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. 3 பிரெஞ்சு என்பது 1 மி.மீ. பரவலாகப் பயன்படும் 12/14 அளவுள்ள குழாயின் உள்விட்டம் 4 மி.மீ., வெளிவிட்டம் ஏறத்தாழ 4.7 மி.மீ. ஆகும். அதாவது, அது நாளத்தின் இயல்பான உள்விட்டத்தைவிடப் பெரிது. எனவே நாளம் விரிந்து கொடுக்காதபோது வலிந்து செலுத்தினால் சுவர் காயமுறும். இவ்வளவுள்ள குழாய் பயன்படுத்தப்பட்ட 359 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், 46 விழுக்காட்டுக்கும் சற்று மேற்பட்டோரிடம் சிறிதும் பெரிதுமான சுவர்க்காயங்கள் காணப்பட்டன. 13 விழுக்காட்டினரிடம் காயம் தசை அடுக்கு வரை சென்றிருந்தது. முன்னரே ஸ்டென்ட் வைக்கப்பட்டிருந்தவர்களிடம் இத்தகைய கடுங்காயம் மிகக் குறைவாக இருந்தது.

உறைக்குழாய் நுழையாவிடில்?

மருத்துவர் சிறிய அளவுள்ள குழாயைத் தேர்ந்தெடுக்கலாம். உறைக்குழாய் இன்றியே சிகிச்சையைத் தொடரலாம். அல்லது ‘டிஜே ஸ்டென்ட்’ என்னும் மென்குழாயை வைத்துச் சிகிச்சையை ஒன்றிரண்டு வாரங்கள் ஒத்திவைக்கலாம். அதற்குள் நாளம் தளர்ந்து விரிவடையும். “மயக்க மருந்து கொடுத்தும் கல்லை எடுக்கவில்லையே” என நீங்கள் வருந்த வேண்டா. இது சிகிச்சையின் தோல்வியன்று. நாளத்தைக் காக்கும் முடிவு.

சிகிச்சைக்கு முன்

• சிறுநீர்க் கிருமி வளர்ப்புப் பரிசோதனையைத் தவறாது செய்துகொள்ளுங்கள். தொற்று இருப்பின் முதலில் அதனைக் குணப்படுத்த வேண்டும்.
• இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவராயின் மருத்துவரிடம் தெரிவியுங்கள், தாமாக நிறுத்தலாகாது.

சிகிச்சைக்குப் பின்

ஸ்டென்ட் உள்ளவரை சிறுநீர் சற்றுச் சிவந்து காணப்படுதல், அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு, இடுப்பில் இலேசான வலி ஆகியவை இயல்பே. ஆனால் வலி நீங்கிவிட்டது என்பதற்காக ஸ்டென்டை மறந்துவிடலாகாது. மாதக்கணக்கில் விடப்பட்ட ஸ்டென்டின் மீது கல் படியும், தொற்று ஏற்படும், சிறுநீரகமே செயலிழக்கவும் நேரிடும். மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன், உங்களுக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளதா, எந்த நாளில் அகற்றப்பட வேண்டும் என்பவற்றைக் கேட்டு, மருத்துவச் சீட்டில் எழுதிப் பெறுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வரவேண்டிய அறிகுறிகள்

• குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
• மருந்துக்கும் அடங்காத விலாவலி
• சிறுநீர் வெளியேறாமை
• இரத்தக் கட்டிகளுடன் சிறுநீர் வெளியேறுதல்

இவற்றுள் எது தோன்றினும், குறிக்கப்பட்ட மறுபரிசோதனை நாள்வரை காத்திராதீர்கள்.