'தலைவி' படம்: ஜெயலலிதா கதையை 1991-லேயே முடித்தது ஏன் சர்ச்சையானது?

பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, வழியில் பரப்பன அக்ரஹாரா போர்டு கண்ணில் படாமல் இருக்காது. அங்குள்ள சிறை வளாகத்தில் கூடிய சிறப்பு நீதிமன்றம்தான் 2014 செப்டம்பர் 27 அன்று சொத்துக்குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. முதல்வராக வந்தவர், பதவி பறிபோய் அங்கேயே அடைக்கப்பட்டார்.

அவரது வாழ்க்கை வரலாறு என்று வந்த 'தலைவி'யில் இந்த பெங்களூரு அத்தியாயமே கிடையாது.

ஏ.எல்.விஜய் இயக்கி, கங்கனா ரனாவத் நடித்த படம் 2021 செப்டம்பர் 10-ல் தியேட்டருக்கு வந்தது. அஜயன் பாலாவின் புத்தகம்தான் அடிப்படை. 1989 மார்ச் 25 சட்டமன்ற மோதலில் தொடங்கி, பின்னோக்கிப் போய், 1991-ல் அவர் முதல்வராவதோடு 'சுபம்' போட்டுவிடுகிறார்கள்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்? எம்.ஜி.ஆர். சாயலிலான பாத்திரத்தில் அரவிந்த்சாமிக்குக் கிட்டத்தட்ட எல்லோரிடமும் பாராட்டு. கங்கனா விஷயத்தில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. கதைக்குத்தான் அடி: அரசியல் எல்லாம் தனிப்பட்ட அவமானம், பழிவாங்கல் என்று சுருங்கிவிட்டது, மொத்தத்தில் இது துதிபாடல் என்றார்கள்.

சரி, அ.தி.மு.க.வாவது திருப்தியடைந்ததா? அதுவும் இல்லை. முதல் நாளே படம் பார்த்த முன்னாள் அமைச்சர் டி.ஜெயக்குமார், எம்.ஜி.ஆரைக் காட்டியவிதம் தவறு, சில காட்சிகளை நீக்க வேண்டும் என்றார்.

முழு வாழ்க்கையையும் ஒரே படத்தில் அடைக்கணுமா என்ன? தேவையில்லை. ஸ்பீல்பெர்க்கின் 'லிங்கன்' (2012) கடைசி சில மாதங்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. ஆனால் அடிமைமுறை ஒழிப்புத் திருத்தத்துக்கு ஓட்டுச் சேர்க்க நடந்த பேரங்களை அது மறைக்கவில்லை. 'தலைவி' நிறுத்திய இடத்துக்கு அப்புறம்தான் 1995 வளர்ப்பு மகன் திருமணம், 1996-ல் பர்கூரில் சொந்தத் தொகுதித் தோல்வி, வழக்குகள் எல்லாம். அவர் ஆட்சி நடத்திய ஆண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. எதிரிகளுக்கு மட்டுமில்லை, அவர் திட்டங்களைக் கொண்டாடுகிற ரசிகர்களுக்கும் இது நஷ்டம்தான்.

விட்டுப்போன கதையின் சுருக்கம் இது. தி.மு.க.வின் க.அன்பழகன் மனுவை ஏற்று, 2003-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைக் கர்நாடகாவுக்கு மாற்றியது. 2014-ல் தண்டனை, 2015 மே 11-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்ததால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. 2017 பிப்ரவரி 14-ல் சசிகலா உள்ளிட்ட மூவரின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

சசிகலா அந்தத் தண்டனையைப் பரப்பன அக்ரஹாராவில்தான் அனுபவித்தார். 2021 ஜனவரியில் விடுதலை; அதே வருஷம் செப்டம்பரில் படம் ரிலீஸ்.