குசினிப் புகைக்கூட்டை இடிக்க முன்னர்...

 

இந்த விடுமுறையில் எங்கள் பக்கம் நாலைந்து வீடுகளில் குசினி திருத்தும் வேலை நடக்கிறது. மேசன்மார் வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி, "உந்தப் புகைக்கூட்டை உடைச்சு எடுப்பமோ?" என்பதுதான். சுவரை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, மேடை போட இடைஞ்சல், கேஸ் அடுப்புக்குத் தேவையும் இல்லை. நியாயமான பேச்சுத்தான். ஆனால் உடைக்க முன்னர் அதன் வரலாற்றை ஒருக்கால் பார்ப்போம்.

'குசினி' என்பதே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். கதிரை, அலமாரி, யன்னல் எல்லாம் அதே வழியில் வந்தவை. சொல் வந்தாலும் புகைக்கூடு எங்கள் வீடுகளுக்கு உடனே வரவில்லை. வன்னியில் குசினி என்றால் வீட்டுக்கு வெளியே தனிக்கொட்டில்: மண் சுவர், ஓலைக்கூரை, தரையில் அடுப்பு. புகை ஓலையின் இடைவெளியால் கசிந்து போகும். அது ஓலையைப் பூச்சி அரிக்காமல் காத்தது, அடுப்புக்கு மேல் பரணில் வைத்த விதையையும் கருவாட்டையும் காத்தது. ஆனால் அடுப்படியில் நின்ற உம்மாமாரின் கண்ணையும் நெஞ்சையும் காக்கவில்லை. வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020 ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

புகையை மேலே ஏற்றி அனுப்புவது பழைய அறிவு. 1574 இல் இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையின் சமையற்கூடம் தீப்பிடித்தபோது, அதைத் திரும்பக் கட்டியவர் உஸ்மானியர்களின் பெருங்கட்டடக் கலைஞர் மிமார் சினான். அவர் எழுப்பிய புகைக்கூடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. எங்கள் நாட்டில் புகைக்கூடு முதலில் வசதியானவர்களின் கல்வீட்டுக்குத்தான் வந்தது. ஏழை வீட்டுக்கு வந்தது 1980களில் பரவத் தொடங்கிய 'அனகி' அடுப்பு. ஒரு வாயில் விறகு வைத்து இரண்டு பானை ஏற்றும் களிமண் அடுப்பு அது. விறகு மிச்சம், ஆனால் புகைக்குத் தனி வழி இல்லை.

பிறகு எங்களுக்கு அடுப்படியே இல்லாமல் போனது. 1990 ஒக்டோபரில் வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் மூன்று கல் வைத்து உலை ஏற்றினோம். ஒரு பொறி பறந்தால் முழு வரிசையும் போய்விடும் என்ற பயத்தோடு எரித்த நெருப்பு அது. 2009 இல் எங்கள் தமிழ் உறவுகள் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட இந்த மணலில், தறப்பாளுக்குக் கீழே, அரிசியும் உப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சினார்கள். ஒவ்வொரு மே மாதமும் அந்தக் கஞ்சி காய்ச்சப்படுகிறது. யாருடைய துன்பம் பெரியது என்று அளக்க நாங்கள் வரவில்லை. இரு சமூகமும் மூன்று கல்லில் இருந்து மறுபடி தொடங்கியவர்கள் என்பதை மட்டும் சொல்கிறோம்.

திரும்பி வந்தபோது வீட்டுத்திட்டம் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில் மட்டும் வடக்கு கிழக்கில் 46,000 வீடுகள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக. வீட்டுக்காரரே நின்று கட்டுவித்தார்கள். அந்தக் காசுக்குள் பலர் புகைக்கூட்டையும் எழுப்பினார்கள். இன்று இடைஞ்சலாகத் தெரிவது அந்தப் புகைக்கூடுதான்.

2022 ஐ மறந்துவிடாதீர்கள். 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பில் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. அந்தக் காசைக் கொடுத்தாலும் சிலிண்டர் கிடைக்கவில்லை. புகைக்கூடு இருந்த வீட்டில் அன்று பின்னேரமே அடுப்பு எரிந்தது. அதை உடைத்து மேடை கட்டியவர்கள் முற்றத்தில் கல் தேடினார்கள்.

ஆகவே எங்கள் ஆலோசனை இது. முடிந்தால் புகைக்கூட்டை விடுங்கள். கீழே விறகடுப்பு இருக்கட்டும். வேண்டாத நாளில் மேலே பலகை போட்டுச் சாமான் வைக்கலாம், ஆனால் பலகையை எடுக்காமல் நெருப்பு மூட்டக் கூடாது. கேஸ் அடுப்பைத் தள்ளி, மற்றச் சுவரோடு வையுங்கள். சிலிண்டர் குசினிக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் இருப்பது நல்லது. இன்னொன்றையும் கவனியுங்கள்: சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில்தான் தங்கும், புகைக்கூட்டால் ஏறிப் போகாது. எனவே சுவரின் அடியில் துவாரம் வேண்டும்.

உடைத்தே ஆகவேண்டும் என்றால் கீழ்ப்பகுதியை மட்டும் வெட்டி மேற்பகுதியை அந்தரத்தில் விடாதீர்கள். மேலே நிற்கும் கல்லின் பாரம் முழுக்க அந்தக் கீழ்ச்சுவரில்தான் இறங்குகிறது. ஒன்றில் கூரைக்கு மேலிருந்து தொடங்கி முழுதாக இறக்க வேண்டும், அல்லது கொங்கிறீட் வளை போட்டுத் தாங்க வேண்டும். கூரையில் விழும் ஓட்டையை மாரிக்கு முன் அடைத்துவிடுங்கள். வாடைக்காற்றோடு வரும் மழைக்கு அது போதும்.

வைத்திருப்பவர்கள் வருடம் ஒருமுறை கரியைத் தட்டுங்கள். உறங்க முன் நெருப்பை அணைக்கச் சொன்ன நபிகளாரின் (ஸல்) அறிவுரை விறகடுப்புக்கும் பொருந்தும், கேஸ் அடுப்புக்கும் பொருந்தும்.

உங்கள் வீட்டின் பழைய அடுப்படி எப்படி இருந்தது என்று உம்மம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளும் வாசிக்கட்டும். எல்லோருடைய அடுப்பும் அணையாமல் எரிய அல்லாஹ் அருள் புரிவானாக.