மடிக்கணினியில் எடையும் வரைகலைத் திறனும்: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை முன்னிட்டு

நடுத்தர மடிக்கணினி என்று வியாபார வழக்கில் சொல்லப்படுவது, 14 அங்குலத்திலிருந்து 16 அங்குலம் வரை திரையும், ஏறக்குறைய 1.2 கிலோவிலிருந்து 2.5 கிலோ வரை எடையும் உடைய சாதனமாகும். எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டும் போதுமான இலேசான யந்திரங்களும், முப்பரிமாணச் சித்திரம், வீடியோ தொகுப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்கென்றே தனி வரைகலைச் செயலியைத் தாங்கிய பாரமான யந்திரங்களும் இந்த ஒரே வகுப்புக்குள் அடங்கியிருப்பதால், வாங்குவோர் எடைக்கும் திறனுக்கும் இடையே ஒரு சமரசத்தைத் தேட வேண்டியவர்களாகிறார்கள். அச்சமரசம் எங்கே அமைய வேண்டும் என்பது எல்லாப் பிரதேசங்களுக்கும் ஒன்றாக இராது. உஷ்ணம், ஈரம், மின்சாரம், பிரயாண வசதி ஆகிய நான்கும் அதை இங்குமங்கும் நகர்த்தும். இந்நான்கும் ஒருங்கே கூடி நின்று பிரச்சினையைக் கூர்மையாக்கும் இடம் அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் என்பதால், இக்கட்டுரை அத்தீவுகளையே முன்னிட்டு விஷயத்தை விவரிக்கிறது.

எடை எங்கிருந்து வருகிறது

வரைகலைச் செயலி என்னும் சில்லு சில கிராம் எடையே உள்ளது. ஆயினும் அது உட்கொள்ளும் மின்சக்தி அனைத்தும் முடிவில் உஷ்ணமாகவே வெளிப்படுவதாலும், அவ்வுஷ்ணத்தைச் சில்லின் மேற்பரப்பிலிருந்து வாங்கிப் பெட்டியின் விளிம்புக்குக் கொண்டு சேர்க்கச் செம்புக் குழாய்களும், மெல்லிய உலோகத் தகடுகளும், இரண்டு விசிறிகளும் தேவைப்படுவதாலும், அந்தச் சக்தியை வழங்க ஒரு பெரிய பேட்டரியும் சார்ஜரும் கூடவே வருவதாலும், ஒரு சில்லின் பொருட்டு அரைக் கிலோவும் அதற்கு மேலும் கூடிவிடுகிறது. செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துக்கு 2.70, மக்னீசியத்துக்கு 1.74. மேலுறையை மக்னீசியத்தால் செய்து மிச்சப்படுத்தும் எடையைப் பெரும்பாலும் உள்ளிருக்கும் செம்பே தின்றுவிடுகிறது.

வேகத்துக்கும் மின்செலவுக்கும் உள்ள சம்பந்தம் நேர்விகிதத்தில் இல்லை என்பது இவ்விஷயத்தில் மிக முக்கியமானது. சில்லின் துடிப்பு வேகத்தைச் சிறிது கூட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. மின்செலவோ அழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. ஆகையால் முதல் ஐம்பது அறுபது வாட்டில் கிடைக்கும் பயன் ஏராளமாகவும், நூறு வாட்டுக்கு மேல் சேர்க்கும் ஒவ்வொரு பத்து வாட்டுக்கும் கிடைக்கும் பயன் சொற்பமாகவும் இருக்கும். இலேசான யந்திரத்தில் நல்ல வரைகலைத் திறனை எதிர்பார்ப்பதற்கு இடமிருப்பதே இதனால்தான்.

திரையின் அளவும் கணக்கில் சேர வேண்டும். 14 அங்குலத் திரையைக் காட்டிலும் 16 அங்குலத் திரையின் பரப்பு ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம். உறையும் கண்ணாடியும் அதே விகிதத்தில் வளர்கின்றன. திரையின் புள்ளிகளை 1920க்கு 1200 என்பதிலிருந்து 2560க்கு 1600 ஆக உயர்த்தினால் புள்ளிகளின் மொத்தம் 23 லட்சத்திலிருந்து 41 லட்சமாகிறது. அவ்வளவையும் நிரப்பும் வேலை வரைகலைச் செயலியின் தலையில்தான் விழுகிறது.

வரலாறு

1981இல் வெளிவந்த ஆஸ்பார்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. கையில் தூக்கிச் செல்லலாம் என்பதே அதன் பெருமை. 1982இல் கிரிட் காம்பஸ் மக்னீசிய உறையோடு வந்தது. ஆப்பிளின் மாக்புக் ஏர் 2008இல் எடையை 1.36 கிலோவுக்குக் குறைத்தபோது, தனி வரைகலைச் செயலியை அறவே துறந்துதான் அதைச் சாதித்தது. 2010இல் என்விடியா நிறுவனம் ஆப்டிமஸ் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, சாதாரண வேலைக்குச் செயலியோடு ஒட்டிய சிறு வரைகலைப் பகுதியும் கடின வேலைக்கு மட்டும் தனிச் செயலியும் இயங்கும்படி செய்தது. அதே நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய மேக்ஸ்-க்யூ முறை, பெரிய சில்லைக் குறைந்த வாட்டில் ஓட்டி மெல்லிய உறைக்குள் அடக்குவதாகும். 2020இல் ஏசஸ் நிறுவனத்தின் ஸெஃபிரஸ் ஜி14 சுமார் 1.6 கிலோ எடைக்குள் ஆர்டிஎக்ஸ் 2060 வரைகலைச் செயலியைப் பொருத்திக் காட்டியதிலிருந்து, நடுத்தர அளவில் இரண்டையும் ஓரளவு பெறலாம் என்ற நம்பிக்கை வாங்குவோரிடையே பரவியது. மையச் செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆப்பிளின் எம்1 ப்ரோ, எம்1 மேக்ஸ் சில்லுகள் 2021இலும், அந்த வழியை ஒட்டிய ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ் 2025இலும் வெளிவந்தன.

பெயரும் வாட்டும்

செயலியின் பெயரைப் பார்த்துத் திறனை மதிப்பிடுவது இக்காலத்தில் பெரிய ஏமாற்றத்துக்கு இடமளிக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 என்ற ஒரே பெயரில் விற்கப்படும் மடிக்கணினிச் செயலிக்கு, என்விடியாவே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது. மெல்லிய உறைக்குள் 45 வாட்டில் ஓடும் அச்செயலியும், தடித்த உறைக்குள் 115 வாட்டில் ஓடும் அதே செயலியும் பெயரளவில் சகோதரர்களேயன்றி வேலையில் அல்ல. 2021இல் மேக்ஸ்-க்யூ என்ற அடையாளம் செயலியின் பெயரிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, வாட் அளவை மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் விவரப் பட்டியலில் குறிப்பிட வேண்டியதாயிற்று. அந்த எண்ணைத் தேடிப் படிக்காமல் எடையையும் பெயரையும் மட்டும் ஒப்பிடுவது, குதிரையின் நிறத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கணிப்பது போன்றதே.

தீவுகளின் நிலைமை

போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கும் நகரத்தில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியில் மிகுதியாகவே இருக்கிறது. சில்லு தாங்கக்கூடிய உஷ்ண எல்லை 95 பாகை என்று வைத்துக்கொண்டால், 22 பாகைக் குளிரூட்டிய அறையில் உஷ்ணத்தை வெளியே தள்ளுவதற்கு 73 பாகை வித்தியாசம் கிடைக்கிறது. சாளரம் திறந்த 32 பாகை அறையில் கிடைப்பது 63 பாகைதான். அதாவது, அதே செம்பும் அதே விசிறியும் ஏழில் ஒரு பங்கு வேலையை இழந்துவிடுகின்றன. டெல்லியிலோ பெங்களூரிலோ குளிரூட்டிய அறையில் சோதித்து எழுதப்பட்ட மதிப்புரை எண்களை ஹாவ்லக் தீவில் ஒருவர் எதிர்பார்க்கக் கூடாது. மெல்லிய உறைக்குள் பெரிய செயலியை நெருக்கி வைத்த யந்திரமே இதில் முதலில் தோற்றுப்போகிறது. முதல் பத்து நிமிஷம் துடிப்பாக ஓடிவிட்டு, பிறகு சத்தத்தை மட்டும் மிகுதியாகவும் வேலையைக் குறைவாகவும் தருகிறது.

உப்பு கலந்த ஈரக் காற்றை விசிறிகள் இடைவிடாமல் உள்ளே இழுக்கின்றன என்பதும் கவனிக்கத் தக்கது. தகடுகளின் இடுக்கிலும் சார்ஜர் செருகும் துளையிலும் பச்சை படிவது கடலோர ஊர்களில் பழகிய காட்சி. குளிரூட்டிய அறையில் 20 பாகைக்கு ஆறிப்போன கணினியை அப்படியே வெளியே கொண்டுவந்தால், அதன் மேல் கண்ணுக்குத் தெரியும்படி நீர்த்துளி படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருந்து, உறை வெளிக்காற்றின் உஷ்ணத்துக்கு வந்த பிறகு இயக்குவது உத்தமம்.

பிரயாணத்தைப் பற்றிச் சொல்வதானால், இங்கே எடை என்பது தோள்வலி பற்றிய விஷயமாக மட்டும் நிற்பதில்லை. தீவுகளுக்கிடையே ஓடும் ஹெலிகாப்டரில் ஒருவர் கொண்டு செல்லும் சாமானுக்குப் பொதுவாக 5 கிலோவே அனுமதி. 2.5 கிலோ விளையாட்டுக் கணினியும், முக்கால் கிலோவுக்குக் குறையாத அதன் 230 வாட் சார்ஜரும் சேர்ந்தால், கார் நிக்கோபாருக்கோ கமோர்ட்டாவுக்கோ வேலையாகச் செல்லும் ஒருவருக்குத் துணிமணிக்கும் மருந்துக்கும் எஞ்சுவது இரண்டு கிலோகூட இல்லை. 1.6 கிலோ கணினியும் 100 வாட் டைப்-சி சார்ஜரும் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். விளம்பரங்களில் சார்ஜரின் எடையைச் சொல்லாமல் விடுவது வியாபாரிகளின் நெடுநாளைய வழக்கம். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வருவோருக்கு வேறொரு எல்லை உண்டு: 100 வாட்-மணிக்கு மேற்பட்ட பேட்டரிக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பெரிய மடிக்கணினிகளின் பேட்டரிகள் 99 வாட்-மணியோடு நின்றுவிடுவதற்கு இந்த விதியே காரணம்.

யாருக்குத் தேவை

தீவுகளில் வரைகலைத் திறனை மெய்யாகவே நாடுவோர் விளையாட்டுக்காரர்கள் மட்டுமல்லர். 2018 டிசம்பரில் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாற்றப்பட்ட ஹாவ்லக்கில், நீரில் மூழ்கிப் பவளப் பாறைகளைப் படம் பிடிப்பது ஒரு பெருந்தொழிலாகிவிட்டது. கடலுக்குள் சிவப்புக் கிரணங்கள் முதல் சில மீட்டர்களிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால், எடுத்த படம் முழுவதும் நீலமும் பச்சையுமாகவே கிடைக்கும். மீனின் செந்நிறத்தையும் பவளத்தின் நிறத்தையும் கணினியில்தான் மீட்க வேண்டும். 4கே வீடியோவின் ஒரு சட்டத்தில் 83 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 60 சட்டங்களானால் ஏறத்தாழ 50 கோடிப் புள்ளிகள். இவை ஒவ்வொன்றின் நிறத்தையும் திருத்தி, மங்கிய வெளிச்சத்தில் தோன்றும் பொறிகளை நீக்கும் வேலையைத் தனி வரைகலைச் செயலி வெகு விரைவில் செய்து முடிக்கிறது. இங்கே வேகத்தைவிட நினைவகமே அதிகம் முக்கியமாகிறது. 4 ஜிபி மட்டுமே உள்ள செயலி, நீண்ட தொகுப்பின் நடுவே நினைவகம் நிரம்பிவிட்டதாக அறிவித்து நின்றுவிடும். இத்தொழிலுக்கு 8 ஜிபி என்பது குறைந்தபட்ச அளவு.

1998, 2010 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் கடலில் பவளங்கள் வெளுத்துப்போன பின்னர், நீருக்கடியில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை இணைத்துப் பாறையின் முப்பரிமாண உருவத்தை அமைக்கும் முறைக்கு ஆய்வாளரிடையே மதிப்புக் கூடியிருக்கிறது. அதற்கும் இதே வகைத் திறன் தேவை. பாஹர்காவிலுள்ள டாக்டர் அம்பேத்கர் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயிலும் மாணவருக்கோ, இரு பரிமாண வரைபடத்துக்குச் செயலியோடு இணைந்த வரைகலைப் பகுதியே போதும். அவர்கள் பெற்றோரின் பணத்தில் தனிச் செயலி வாங்குவது பெரும்பாலும் விளையாட்டுக்காகவே என்பதை ஒளிப்பதில் பிரயோஜனமில்லை.

கடலடிக் கேபிளும் மின்சாரமும்

பாரத்தைத் தூக்காமலே திறனைப் பெறும் மார்க்கம் ஒன்று 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி இத்தீவுகளுக்குத் திறந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், அங்கிருந்து ஸ்வராஜ் த்வீப், லாங் ஐலண்ட், ரங்கத், ஹட்பே, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கேம்ப்பெல் பே ஆகிய இடங்களுக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கண்ணாடியிழைக் கேபிள் கடலடியில் போடப்பட்டு, அன்று பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு சுமார் 1,224 கோடி ரூபாய். அதற்கு முன்பு செயற்கைக் கோளின் குறுகிய வழியே இணையம் வந்துகொண்டிருந்த இத்தீவுகளில், கனமான வேலையைச் சென்னையிலுள்ள கணினிக்கு அனுப்பி முடிவை மட்டும் திரும்பப் பெறலாம் என்பது நினைத்துப் பார்க்கக் கூடாததாயிருந்தது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடைப்பட்ட 1,360 கிலோமீட்டர் அளவுள்ள தூரத்தைக் கண்ணாடியிழையில் ஒளி போய்வர ஏறத்தாழ 14 மில்லி விநாடியே ஆகும். நடைமுறையில் இடைப்பட்ட கருவிகளால் இது கூடினாலும், தொகுப்பு வேலைக்கு அது தடையன்று. ஆனால் ஒரு நாள் முழுதும் எடுத்த வீடியோ நூற்றுக்கணக்கான ஜிபி இருக்குமாகையால், வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம் குறைவாயின் இம்மார்க்கம் கைகொடாது.

மின்சார விஷயத்தில் தீவுகள் மெயின்லேண்டின் மின்தொகுப்போடு இணைக்கப்படவில்லை. பெரும்பாலும் டீசல் யந்திரங்களே மின்சாரம் வழங்குகின்றன. நெய்வேலியின் என்எல்சி நிறுவனம் 2020இல் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தைப் பேட்டரிச் சேமிப்போடு அமைத்தது. மின்தடையின்போது தனி வரைகலைச் செயலி எவ்வளவு உதவும் என்று கணக்கிட்டால், யந்திரம் முழுமைக்கும் 150 வாட் செலவாகுமிடத்து 90 வாட்-மணி பேட்டரி 36 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியைக் காக்கும் பொருட்டுப் பல யந்திரங்கள் அந்நிலையில் செயலியின் வாட்டைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

தேர்வு

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், படத் தொகுப்பை ஜீவனமாகக் கொண்டு தீவுகளுக்கிடையே அலைவோருக்கு, 14 அங்குலத் திரையும், 1.6 முதல் 1.8 கிலோ எடையும், 60 முதல் 90 வாட்டில் ஓடும் 8 ஜிபி வரைகலைச் செயலியும், டைப்-சி வழியாகவும் மின்னேற்றக்கூடிய வசதியும் உடைய யந்திரமே உகந்தது. ஒரே இடத்தில் இருந்து வேலை செய்வோர் மேசைக் கணினியில் திறனை வைத்துவிட்டு, தனிச் செயலியில்லாத இலேசான மடிக்கணினியைக் கையோடு வைத்துக்கொள்வது சிலாக்கியம். இரண்டு கிலோவுக்குக் குறைந்த உறைக்குள் நூறு வாட்டுக்கு மேல் வாக்களிக்கும் யந்திரங்களை இந்தச் சீதோஷ்ணத்தில் நம்ப வேண்டாம்.

தனியே பொட்டலமாக அனுப்பும் லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் சர்வதேச விதியால் தடுக்கப்பட்டிருப்பதால், மாற்றுப் பேட்டரி கப்பலில் வரும் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே வாங்கும் முன்னரே, வீட்டுக்கு வந்து பழுதுபார்க்கும் உத்தரவாதம் 744 என்று தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்குப் பொருந்துமா என்பதை விற்பவரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்க.